எடை வேறு, வலிமை வேறு

சுவரை வைத்தே சித்திரம் எழுத வேண்டும் என்னும் பழமொழியைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குகிறார். பொருள் கூறுகிறார்; ஏற்ற சூழலும் கூறுகிறார்; மாணவர் ஏட்டில் எழுதிக்கொள்கின்றனர். மணி அடிக்கிறது. ஐம்பது வயதைக் கடந்த அந்த ஆசிரியர் மேசைமேல் இரு கைகளையும் ஊன்றிப் பெருமூச்செறிந்து நாற்காலியினின்று எழுகிறார். மாடிப்படியில் பாதி வழியில் நின்று கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறார். சுவரைப் பற்றிப் பாடம் நடத்தியவரின் சுவர் சரிந்துகொண்டிருக்கிறது. அதனை அவர் உணரவில்லை. உணர்ந்த ஓரிருவரும், "வயதாகிவிட்டது, வேறென்ன?" என்னும் ஒரு சொல்லால் அதனை மூடிவிடுகின்றனர்.

அந்த "வேறென்ன" என்னும் சொல் பொய் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். நடுவயதில் மெலிந்த உடம்பு தேறாது என்பதும், தளர்ந்த தசை திரும்பாது என்பதும், சோறு கூடினால் எடை கூடும், எடை கூடினால் நலம் கூடும் என்பதும் தமிழ்ச் சமுதாயத்தில் வேரூன்றிய மூன்று மூடநம்பிக்கைகள். மற்ற மூடநம்பிக்கைகளைச் சாடும் ஆசிரியர்களே இம்மூன்றையும் போற்றி வளர்ப்பதுதான் வியப்பு.

ஆசிரியர் அறையில் ஒரு காட்சி

எந்தப் பள்ளியின் ஆசிரியர் அறையிலும் இக்காட்சியைக் காணலாம். நாற்பத்தைந்து வயதுடைய மெலிந்த ஆசிரியர் ஒருவர் நுழைகிறார். "என்ன சார், இளைத்துவிட்டீர்கள்? சர்க்கரையா?" என்று ஒருவர் கேட்கிறார். "நன்றாகச் சாப்பிடுங்கள் சார், இரண்டு கரண்டிச் சோறு கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார் மற்றொருவர். அதே அறையில் வயிறு முன்தள்ளிய ஆசிரியரைக் கண்டால், "இப்பொழுதுதான் சார் பார்க்க நன்றாக இருக்கிறீர்கள், பூசினாற்போல்" என்று பாராட்டு மொழிகின்றனர். முன்னவர் அறிவுரையை மதித்துச் சோற்றைக் கூட்டுகிறார். காலையில் ரொட்டிச் சானாய், பத்து மணிக்குக் கொழுக்கட்டையும் இனித்த பால் கலந்த தேநீரும், இரவில் மீண்டும் சோறு. ஆறு திங்களில் எடைக்கருவியின் முள் ஐந்து கிலோ ஏறுகிறது. கையும் காலும் முன்போலவே குச்சியாக இருக்க, வயிறு மட்டும் வளர்ந்திருக்கிறது. அவர் கூட்டியது எடை. கூட்ட வேண்டியிருந்ததோ தசை.

இவ்விரண்டும் வேறு என்பதற்கு 2004ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஒரு படமே போதிய சான்றாகும். புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக்கும், இங்கிலாந்து நாட்டு மருத்துவர் யுட்கினும் அருகருகே நிற்கின்றனர். உயரத்திற்கேற்ற எடையைக் காட்டும் உடல்நிறைக் குறியீடு இருவருக்கும் 22.3 தான். கருவி கொண்டு உடற்கொழுப்பை அளந்தபோதோ ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடும் இந்தியருக்கு 21.2 விழுக்காடும் இருந்தன. எடைக்கருவியின் கண்ணுக்கு இருவரும் ஒருவரே. உள்ளே ஒருவர் தசையையும் மற்றவர் கொழுப்பையும் சுமந்து நின்றனர். தெற்காசிய மக்கள் மெலிந்து தோன்றினும் உள்ளே கொழுப்பு மிகுந்திருப்பர் என்பதற்கு அப்படம் இன்றளவும் மேற்கோளாகக் காட்டப்படுகிறது.

இஃது எங்கோ நடக்கும் ஆய்வு என்று தமிழர் ஒதுங்கிவிட இயலாது. மலேசியாவில் 2019ஆம் ஆண்டில் நடந்த தேசிய உடல்நல ஆய்வில் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்திய வம்சாவளியினரிடையே அது 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்று சொல்லிவிடலாம். உண்ட உணவிலிருந்து குருதியில் கலக்கும் சர்க்கரையின் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ளும் களஞ்சியம் தசைதான். களஞ்சியத்தைச் சுருக்கிவிட்டு நெல்லை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், அது முற்றத்தில் கொட்டிக் கெடாமல் வேறென்ன செய்யும்? மெலிந்தவருக்குச் சோற்றை மட்டும் பரிந்துரைக்கும் அன்பர்கள் செய்வது இதுவே.

நாற்காலி எங்கிருந்து வந்தது?

இந்த அறியாமைக்கு வேர் ஒன்று உண்டு. அதனைத் தோண்டிப் பார்க்க வேண்டும்.

இன்று பள்ளியில் பணியாற்றும் ஐம்பது வயது ஆசிரியர் பலரின் பெற்றோரோ பாட்டன் பாட்டியரோ தோட்டத்துத் தொழிலாளர். விடியுமுன் எழுந்து நூற்றுக்கணக்கான பால்மரங்களைச் சீவினர். மங்கு மங்காகப் பாலைச் சேர்த்துக் காண்டா வாளியில் நிரப்பித் தோளில் சுமந்து மேடு பள்ளங்களில் நடந்தனர். செம்பனை வந்தபோது பத்துக் கிலோவும் இருபது கிலோவும் நிறைகொண்ட குலைகளைத் தள்ளி வீழ்த்தித் தூக்கி ஏற்றினர். அவர்களுக்கு உடற்பயிற்சி என்னும் சொல்லே வேண்டியிருக்கவில்லை.

ஆயினும் அந்த வாழ்வைப் பொற்காலமாகப் பாடுவது பொய்யாகும். அந்த உழைப்பு அவர்கள் உடம்பை வளர்த்ததினும் தேய்த்ததே மிகுதி. சுமை இருந்தது; சுமைக்கேற்ற ஊட்டம் இல்லை. உழைப்பு இருந்தது, உழைப்புக்கேற்ற ஓய்வு இல்லை. ஐம்பதில் முதுகு வளைந்தது, முழங்கால் தேய்ந்தது. அதனாலன்றோ அந்தத் தந்தை தம் மகனைப் பார்த்து, "நீயாவது நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதி" என்றார்! கல்வி என்பது உடல் உழைப்பினின்று பெறும் விடுதலை என்னும் எண்ணம் அந்தக் கண்ணீரில் பிறந்தது. நாற்காலி மதிப்பின் சின்னமாயிற்று. வியர்வை இழிவின் சின்னமாயிற்று. பேனா பிடிக்கும் கை பளுவைத் தூக்குவது, ஏறிய படியினின்று மீண்டும் இறங்குவது போலத் தோன்றலாயிற்று.

தந்தையின் கண்ணீர் உண்மை. மகன் அதினின்று கற்ற பாடம் பிழை. தந்தை வேண்டியது சுரண்டும் சுமையினின்று விடுதலை; தசையினின்று விடுதலை அன்று. அளந்த சுமை, நிறைந்த உணவு, போதிய ஓய்வு என்னும் மூன்றும் கூடுமிடத்தில் உடம்பு வளரும். தோட்டத்துத் தந்தைக்கு முதலாவது அளவின்றிக் கிடைத்தது, பின்னிரண்டும் கிடைக்கவில்லை. ஆசிரிய மகனுக்குப் பின்னிரண்டும் கிடைக்கின்றன. முதலாவதை அவரே தள்ளி வைத்திருக்கிறார். தந்தைக்கு வாய்க்காத வாய்ப்பை மகன் வீணாக்குவது தந்தைக்குச் செய்யும் மரியாதை ஆகுமா?

அறிவியல் கூறுவது யாது?

முப்பது வயதைத் தாண்டியபின், பயிற்சியற்ற உடம்பு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு வரை தசையை இழக்கிறது. அறுபதுக்குப் பின் இவ்விழப்பு விரைவு பெறுகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் எலும்பின் உறுதியும் உடன் குறைகிறது. விரைந்து எழவும், இடறும்போது சமாளிக்கவும் உதவும் தசை இழைகளே முதலில் நலிவன. இத்தேய்வுக்கு அமெரிக்க அறிஞர் இர்வின் ரோசன்பர்க் 1989இல் கிரேக்கச் சொற்களைக் கொண்டு "சார்க்கோப்பீனியா" என்று பெயரிட்டார். தமிழில் அதனைத் தசை வறுமை எனலாம். 2016இல் அமெரிக்க நோய்ப் பட்டியல் அதற்குத் தனிக் குறியீடு வழங்கியது. "வயதாகிவிட்டது, வேறென்ன?" என்று ஆசிரியர் அறை தள்ளிவிடுவதை மருத்துவ உலகம் நோய் என்று பதிந்து வைத்திருக்கிறது.

நோய் எனின், மருந்து உண்டா? உண்டு. 1988இல் வெளியான ஓர் ஆய்வில் 60 முதல் 72 வயது வரையிலான ஆடவர், வாரம் மூன்று நாளாகப் பன்னிரண்டு வாரம் கடும் பளுப் பயிற்சி செய்தனர். முழங்காலை நீட்டும் தசைகளின் வலிமை இரு மடங்கைத் தாண்டியது. தசையின் பருமனும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடியது. 1990இல் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில், தொண்ணூறு வயதை ஒட்டிய பதின்மரை எட்டு வாரப் பளுப் பயிற்சியில் ஈடுபடுத்தினர். முடித்தோரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. தொண்ணூறு வயதுக்குத் திரும்பிய தசை ஐம்பதுக்குத் திரும்பாது என்று சொல்பவர் எந்த நூலைப் படித்தார்?

வங்காளத்து மனோகர் ஐச் என்பாரையும் இங்கு நினைத்தல் தகும். 1912இல் பிறந்த அவர் ஐந்தடி உயரமும் எட்டாதவர். ஆங்கில அதிகாரி ஒருவரை அறைந்து சிறை சென்றார். சிறையிலும் பயிற்சியை விடவில்லை. 1952இல், நாற்பதாம் வயதில், மிஸ்டர் யூனிவர்ஸ் போட்டியில் தம் உயரப் பிரிவில் வாகை சூடினார். 2016இல், நூற்றிநான்காம் வயதில் மறைந்தார். எல்லாரும் அவராக வேண்டுவதில்லை. நாற்பது என்பது முடிவுக்கான வயது அன்று என்பதற்கே அவர் இங்குச் சான்று.

மறுப்புகளும் விடைகளும்

"நான்தான் நாள்தோறும் மாலையில் நடக்கிறேனே" என்பர் சிலர். நன்று, நடையை விடவேண்டா. நடை இதயத்திற்கு நல்லது. தசையை வளர்க்க அது போதாது. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறையில், வாரம் 150 முதல் 300 மணித்துளி மிதமான இயக்கத்தோடு, வாரம் இரு நாளேனும் பெருந்தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்று தனியே கூறப்பட்டுள்ளது. இரண்டும் வேண்டும் என்ற இடத்தில் ஒன்றைச் செய்துவிட்டு முழு மதிப்பெண் கேட்பதை, எந்த ஆசிரியர் தம் மாணவரிடம் ஒப்புக்கொள்வார்?

"நேரமில்லை" என்பர் சிலர். வாரம் இரு நாள், நாளுக்கு நாற்பது மணித்துளி. தொலைக்காட்சித் தொடரின் இரு பகுதிகளுக்குச் செலவாகும் நேரம் அது.

"திரண்ட தோள் முரடனுக்குரியது, ஆசிரியருக்கு அழகன்று" என்பர் இன்னுஞ் சிலர். ஊர் நடுவே இளவட்டக்கல்லை வைத்து, அதனைத் தூக்கியவனுக்குப் பெண் கொடுத்தவர் தமிழர். சிலம்பமும் கர்லாக் கட்டையும் தண்டாலும் தமிழருக்கு அயலானவையல்ல. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் முழுவதும் யோகத்தைப் பேசுவது. உடம்பைப் பேணுதல் அறிவுக்குப் பகை என்னும் எண்ணம் இந்த மரபினின்று வந்ததன்று. அலுவலக நாற்காலியினின்று வந்தது.

"பெண்கள் பளு தூக்கினால் ஆண்போல் ஆகிவிடுவர்" என்பது வேறொரு கூற்று. பெண்ணின் உடம்பில் ஆண்மைச் சுரப்பு மிகக் குறைவாதலின் அவ்வாறு எளிதில் ஆவதில்லை. தசையும் எலும்பும் விரைந்து தேயும் பருவத்தில் நிற்கும் ஆசிரியைக்கே இப்பயிற்சி ஆணினும் இன்றியமையாதது. வீட்டில் எரிவாயு உருளையை நகர்த்துவதும், அரிசி மூட்டையைத் தூக்குவதும், நோயுற்ற மாமியாரைத் தாங்கி எழுப்புவதும் பெரும்பாலும் அவர்தாமே? அப்பொழுதெல்லாம் எவரும் "ஆண்போல் ஆகிவிடுவீர்கள்" என்று தடுக்கக் காணோம்.

பயிற்சியும் உணவும்

பயிற்சியில் மந்திரம் ஏதுமில்லை. தள்ளுதல், இழுத்தல், அமர்ந்தெழுதல், தரையினின்று தூக்குதல், சுமந்து நடத்தல் என்னும் ஐந்து இயக்கங்களில் உடம்பின் பெருந்தசைகள் அனைத்தும் அடங்கும். எட்டு முதல் பன்னிரண்டு தடவை செய்தால் களைப்புத் தட்டும் சுமையைத் தேர்ந்து, இரண்டு மூன்று சுற்றுச் செய்தல் வேண்டும். பன்னிரண்டும் எளிதானால் சுமையைச் சிறிது கூட்ட வேண்டும். இக்கூட்டலே முழு இரகசியமும். ஆண்டு முழுவதும் ஒரே வாய்பாட்டை ஒப்பிக்கும் மாணவன் எவ்வாறு கணக்கில் வளரானோ, அவ்வாறே ஆண்டு முழுவதும் ஒரே சுமையைத் தூக்குபவரும் வளரார். உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்லத் தயங்குவோர், சுவரில் கையூன்றித் தள்ளுவதிலும், நாற்காலியில் அமர்ந்தெழுவதிலும், நீர் நிரப்பிய புட்டிகளைத் தூக்குவதிலும் தொடங்கலாம். ஒரே தசைக்கு இரு பயிற்சிகளுக்கிடையே இரு நாள் இடைவெளியும், இரவில் ஏழு மணி நேர உறக்கமும் வேண்டும். தசை வளர்வது பயிற்சியின்போதன்று, ஓய்வின்போது.

உணவில்தான் தமிழர் பெரிதும் தவறுகின்றனர். தட்டில் சோறு மலையாகவும் புரதம் சுண்டைக்காயாகவும் இருக்கின்றன. வயது ஏற ஏற உடம்பு புரதத்தைப் பயன்கொள்ளும் திறன் குறைவதால், முதியோர் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் கொள்ளவேண்டும் என்று வல்லுநர் குழு ஒன்று 2013இல் பரிந்துரைத்தது. பளுப் பயிற்சி செய்வோருக்கு அது 1.6 கிராம் வரை பயன் தரும். ஆகவே அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 96 கிராம் வேண்டும். ஒரு கோப்பைச் சோற்றில் கிடைப்பது ஏறத்தாழ நான்கு கிராமே. ஒரு முட்டையில் ஆறு. ஒரு குவளைப் பாலில் எட்டு. வெந்த பருப்பு ஒரு கோப்பையில் பதினாறு அல்லது பதினேழு. நூறு கிராம் மீனிலோ கோழியிலோ இருபதுக்கு மேல். நூறு கிராம் தெம்பேயில் ஏறத்தாழ பத்தொன்பது. சைவ உணவினரும் கலங்க வேண்டுவதில்லை. பருப்பும் தயிரும் கடலையும் சோயாவும் அவர்களுக்குத் துணை நிற்கும். இதனை ஒரே வேளையில் அள்ளிக்கொள்ளாமல் மூன்று வேளைக்கும் பகிர்ந்து உண்பதே சிறப்பு. மெலிந்தவர் இதற்குமேல் நாளுக்கு முந்நூறு கலோரி அளவு, இரண்டு வாழைப்பழமும் ஒரு பிடி கடலையும் போல, கூட்டிக்கொண்டால் எடை மெல்ல ஏறும். மெல்ல ஏறுவதே தசையாகும்; விரைந்து ஏறுவது வயிறாகும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, காரணமின்றி எடை குறைந்தவர் பயிற்சிக்கு முன் மருத்துவரை நாடவேண்டும். நீரிழிவும், தைராய்டுக் கோளாறும், காசநோயும், புற்றும் மெலிவாகவே முதலில் முகம் காட்டுவதுண்டு. இதயநோயும் உயர் குருதி அழுத்தமும் உடையோர் மருத்துவரின் ஒப்புதலோடு தொடங்குக. மூச்சை அடக்கிப் பளுவைத் தூக்கற்க. சிறுநீரகம் பழுதுற்றோர் தாமாகப் புரதத்தைக் கூட்டற்க. இரண்டாவது, எடை கூட்டித் தருவதாகச் சந்தையில் விற்கப்படும் மாத்திரைகளையும் சூரணங்களையும் தொடற்க. பெயரால் மூலிகையாகவும் உள்ளே டெக்சாமெத்தசோன் என்னும் ஊக்கியாகவும் இருந்த பொருள்களைப் பற்றி மலேசியச் சுகாதார அமைச்சு பன்முறை எச்சரித்திருக்கிறது. அவை முகத்தை உப்பச் செய்யும், பசியைத் தூண்டும், எடையும் ஏறும். தசையையும் எலும்பையுமோ உள்ளிருந்தே அரிக்கும். எடையை வலிமை என்று மயங்கும் சமுதாயத்தில் அன்றோ இத்தகைய வாணிகம் கொழிக்கிறது!

பள்ளியின் பங்கு

இவையனைத்தும் நடுவயதினரின் சொந்தச் சிக்கல் என்று பள்ளி கைகழுவ இயலாது. ஏனெனில் இந்த மனப்பான்மைக்கு விதை ஊன்றப்பட்ட இடங்களுள் பள்ளியும் ஒன்று.

வீட்டுப்பாடம் செய்யாத மாணவனுக்கு ஆசிரியர் தந்தது யாது? தோப்புக்கரணம். தாமதமாக வந்தவனுக்கு? திடலைச் சுற்றி ஓட்டம். அமர்ந்தெழுதல் கால் தசைக்குச் சிறந்த பயிற்சி. ஓட்டம் இதயத்திற்குச் சிறந்த பயிற்சி. அவ்விரண்டையும் தண்டனையாகக் கற்றுக்கொடுத்துவிட்டு, நாற்பது வயதில் அவன் உடற்பயிற்சியைக் கண்டு ஓடுகிறான் என்று வருந்துவது முறையா? எந்த ஆசிரியராவது, "குற்றம் செய்தாய், இரண்டு சிறுகதைகளைப் படி" என்று தண்டித்ததுண்டா? படிப்பை அவ்வாறு இழிவுபடுத்த அவர் மனம் ஒப்பாது. உடம்பை மட்டும் இழிவுபடுத்த ஒப்பியது.

உடற்கல்விப் பாடவேளையின் கதையும் இதுவே. தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது அந்தப் பாடவேளைதான். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டது. பறித்துக்கொள்ளக் காட்டிய பெருங்காரணம் மறைந்தது. பறிக்கும் பழக்கம் மறைந்துவிட்டதா என்பதை ஒவ்வொரு பள்ளியும் தன் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். திடலில் ஆசிரியர் நிழலில் நாற்காலி போட்டு அமர்ந்து சீழ்க்கை ஊத, மாணவர் மட்டும் ஓடுவதும் மாறவேண்டும். மாணவன் ஆசிரியர் சொல்வதை மறப்பான். ஆசிரியர் உட்கார்ந்திருந்ததை மறவான்.

ஒரு நாற்காலிச் சோதனை

மலேசிய அரசு ஊழியர் பணி ஓய்வு வயது 55ஆக இருந்தது. 2001இல் 56ஆகவும், 2008இல் 58ஆகவும், 2012இல் 60ஆகவும் உயர்ந்தது. ஐம்பதில் தளர்ந்துவிட்ட ஆசிரியர் இன்னும் பத்தாண்டு வகுப்பறையில் நிற்கவேண்டும், மாடி ஏறவேண்டும், ஏடுகளைச் சுமக்கவேண்டும். அதற்கப்பாலும் வாழவேண்டும். ஓய்வுக்குப் பின் பெயரனைத் தூக்கி மகிழ்வதா, பெயரன் கைபிடித்து எழுப்ப எழுவதா என்பது அறுபதில் முடிவாவதில்லை. நாற்பதிலும் ஐம்பதிலும் முடிவாகிறது.

ஆசிய நாடுகளின் தசை வறுமை வல்லுநர் குழு 2019இல் ஓர் எளிய சோதனையை வகுத்தது. கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு, கையூன்றாமல், நாற்காலியினின்று ஐந்து முறை எழுந்து அமர வேண்டும். பன்னிரண்டு வினாடிக்குள் முடியாவிடில் அஃது எச்சரிக்கை. இதற்குக் கருவி வேண்டா, கட்டணம் வேண்டா. ஆசிரியர் அறையில் நாற்காலிக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் பஞ்சமில்லை.

அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் தேநீர் வருமுன் ஒவ்வொருவரும் இதனைச் செய்து பார்க்கட்டும். முடிந்தவர், முடிந்ததைக் காக்கத் தொடங்கட்டும். முடியாதவர் வெட்கப்பட வேண்டா. மறுநாளே அந்த நாற்காலியில் அமர்ந்தெழுவதையே தம் முதற் பயிற்சியாகக் கொள்ளட்டும். தந்தை அரும்பாடுபட்டுப் பெற்றுத் தந்த நாற்காலி அது. அதில் அமரும் உரிமை கிடைத்துவிட்டது. பிறர் கைத்தாங்கலின்றி அதினின்று எழும் ஆற்றலைக் காத்துக்கொள்வது மகனின் கடமை.